ஒரே மூக்குக்கண்ணாடியை வச்சு பல மீடியத்துல ஆர்ட் ப்ராஜெக்ட் பண்றது எப்படி

"தினமும் யூஸ் பண்ற ஒரு சொந்தப் பொருளை எடுத்துக்கிட்டு அதை வச்சு பல மீடியத்துல வேலை பண்ணுங்க"ன்னு ப்ராஜெக்ட் குடுத்தா நிறைய ஸ்டூடண்ட்ஸ் பண்றது ஒண்ணுதான். பொருளை மேஜை மேல வச்சு முன்னாடி இருந்து ஒரு பென்சில் ஸ்கெட்ச், அதே ஆங்கிள்ல ஒரு வாட்டர்கலர், அதே ஆங்கிள்ல ஒரு அக்ரிலிக், கடைசியா அதே மாதிரி ஒரு களிமண் பொம்மை. நாலு மீடியம் இருக்கு, ஆனா இருக்குற படம் ஒண்ணே ஒண்ணுதான். மார்க் போடுறவங்களுக்கு இது பார்த்த உடனே தெரிஞ்சிடும், பண்ற உங்களுக்கே மூணாவது படத்துல போர் அடிச்சிடும்.

நான் சொல்ல வர்றது இதுதான்: அந்தப் பொருளைப் பத்தி ஒரு கேள்வியைப் பிடிங்க, அப்புறம் ஒவ்வொரு மீடியத்துக்கும் அது மட்டுமே பண்ணக்கூடிய வேலையைக் குடுங்க. பென்சிலால முடியுறதை பிளாஸ்டர்ல திரும்ப பண்ணி யாருக்கும் பிரயோஜனம் இல்ல. 1965ல ஜோசப் கோசுத்னு ஒரு கலைஞர் ஒரு நிஜ நாற்காலி, அந்த நாற்காலியோட போட்டோ, 'நாற்காலி'ன்ற வார்த்தைக்கு அகராதியில இருக்குற அர்த்தம், மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு வேலை பண்ணார். மூணும் நாற்காலிதான், ஆனா மூணும் வேற வேற விஷயம் சொல்லுது. அந்த மாதிரி யோசிச்சா போதும்.

பொருள் எது

உடம்புல படுற பொருளா, உங்களோட சேர்ந்து தேஞ்சு போற பொருளா எடுங்க. சாவி, சீப்பு, செருப்பு, வாட்ச், பர்ஸ், மூக்குக்கண்ணாடி, இதெல்லாம் நல்லா வேலை செய்யும். போனை எடுக்காதீங்கன்னுதான் சொல்வேன், ஏன்னா அதுல உங்களுக்குச் சொந்தமானது எல்லாம் ஸ்கிரீனுக்கு உள்ள இருக்கு, ஆஃப் பண்ணிட்டா வெறும் கறுப்புச் செவ்வகம், உலகத்துல எல்லார்கிட்டயும் இருக்குற அதே செவ்வகம். ரொம்ப அழகான பொருளும் வேணாம், அழகா இருக்குன்னா அதைக் காப்பி பண்றதோட நின்னுடுவீங்க.

இந்த கைடுக்கு மூக்குக்கண்ணாடியையே எடுத்துக்கறேன். இனிமே 'கண்ணாடி'ன்னா அதுதான். நீங்க வேற பொருள் எடுத்தாலும் பண்ற முறை அதேதான், டெக்னிக் மட்டும் கொஞ்சம் மாறும். முக்கியமா ஒண்ணு, இப்ப போட்டுட்டு இருக்குற கண்ணாடியில சோதனை பண்ணாதீங்க, பவர் மாறினதுக்கு அப்புறம் டிராயர்ல கிடக்குற பழசு இருந்தா அதை எடுங்க. களிமண்ணும் பிளாஸ்டரும் லென்ஸ் மேல இருக்குற கோட்டிங்கைக் கீறிடும், தின்னர் அசிட்டோன் மாதிரி எதாவது பட்டா பிளாஸ்டிக் ஃப்ரேம் வெளுத்துப் போய் பாழாயிடும்.

வரையறதுக்கு முன்னாடி நோட்டு போடுங்க

ஒரு பக்கம் ஃபுல்லா அந்தப் பொருளைப் பத்தி எழுதுங்க, அழகா எழுத வேணாம், கண்ணுல பட்டது கையில பட்டது எல்லாம். எங்க தேஞ்சிருக்கு, எங்க அழுக்கு சேந்திருக்கு, எந்தப் பக்கம் வளைஞ்சிருக்கு, மடிக்கும்போது என்ன சத்தம், கழட்டினா மூக்குல எங்க தடம் இருக்கு. காதுல மாட்டுற கையோட உள்பக்கம் பாருங்க, 52□18-140 மாதிரி ஒரு நம்பர் பொடிசா இருக்கும். முதல் நம்பர் லென்ஸோட அகலம், ரெண்டாவது ரெண்டு லென்ஸுக்கும் நடுவுல இருக்குற பிரிட்ஜ், மூணாவது கையோட நீளம், எல்லாமே மில்லிமீட்டர்ல. ஒரு விதத்துல அது உங்க முகத்தோட அளவு, முகம்ன்ற வார்த்தையே இல்லாம எழுதினது. இந்த மாதிரி ஒரு டீடெய்ல் கிடைச்சா அதுவே ப்ராஜெக்டுக்கு டைட்டிலா கூட ஆகலாம்.

கிட்டப்பார்வை இருக்குறவங்களுக்கு இன்னொரு நம்பர் இருக்கு, பவர். 1ஐ பவரால வகுத்தா, கண்ணாடி இல்லாம உங்களுக்குத் தெளிவா தெரியுற அதிகபட்ச தூரம் மீட்டர்ல வரும். மைனஸ் 2 பவர்னா 50 சென்டிமீட்டர், மைனஸ் 4னா 25, மைனஸ் 5னா 20. அதுக்கு அந்தப் பக்கம் எல்லாமே மங்கல் ஆரம்பிச்சிடும். இப்ப பாருங்க, ஒரு நம்பர்ல இருந்து ஒரு தூரம் கிடைச்சிருக்கு, ஒரு தூரத்தை வச்சு டிராயிங் பண்ணலாம், டிஸ்ப்ளேல மாட்டலாம், அளந்து கயிறு கட்டலாம். நோட்டுல இருந்து ஐடியா வர்றதுன்னா இதுதான், சும்மா இன்ஸ்பிரேஷன் வரட்டும்னு உக்காந்து இருந்தா வராது.

எழுதினதுக்கு அப்புறம் ஒரே ஒரு கேள்வியை வட்டம் போடுங்க. நான் இங்க எடுத்துக்குற கேள்வி: "இதைக் கழட்டி வச்சா என்ன மிச்சம் இருக்கு?" கண்ணாடி இல்லாத கண், மூக்குல தடம், காலி பாக்ஸ், லென்ஸ் வழியா விழுற நிழல், எல்லாம் அதுக்குள்ள வந்துடுது. கேள்விக்குப் பதில் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல.

டிராயிங்

முதல்ல பேப்பரைப் பாக்காம ஒரே கோட்டுல வரையுங்க, கண்ணு பொருளோட ஓரத்துல நகர்ற அதே வேகத்துல கை நகரணும், நடுவுல கீழ குனிஞ்சு பாக்கக்கூடாது. கோணலாத்தான் வரும், வரட்டும். இது வெளிய காட்டுறதுக்கு இல்ல, கண்ணை இறுக்கிப் பிடிக்கிறதுக்கு. அஞ்சாறு பண்ணினா கீல், திருகு, மூக்குல உக்கார்ற குமிழ் எல்லாம் எப்படி இணைஞ்சிருக்குன்னு கைக்குத் தெரிஞ்சிடும்.

அப்புறம் உண்மையான வேலை. கண்ணாடியைக் கழட்டி மேஜை மேல வைங்க, கண்ணாடி இல்லாத கண்ணோடயே அதை வரையுங்க. 20 சென்டிமீட்டர்ல ஒண்ணு, 50ல ஒண்ணு, ஒரு மீட்டர்ல ஒண்ணு, ரெண்டு மீட்டர்ல ஒண்ணு, எல்லாம் ஒரே சைஸ் பேப்பர்ல. இதுக்கு பென்சில் சரிப்படாது, பென்சில் எடுத்தா மூளை தெரிஞ்ச ஓரத்தை எல்லாம் தானா போட்டுடும், நிஜமா கண்ணு பாக்குறது ஓரமே இல்லாத கறை. அதனால சார்க்கோல். பேப்பர் முழுக்க சார்க்கோல் பொடியைத் தேய்ச்சு சாம்பல் நிறம் ஆக்கிட்டு, இருட்டு இருக்குற இடத்துல இன்னும் அழுத்தி, வெளிச்சம் இருக்குற இடத்துல பிசையுற ரப்பரால எடுத்து எடுத்து வரையுங்க. லென்ஸ்ல அடிக்கிற பளபளப்பு கடைசியா ஒரே ஒரு அழுத்துல வரணும். கண் சுருக்கிப் பாக்காதீங்க, சுருக்கினா கொஞ்சம் தெளிவாயிடும், அது ஏமாத்துறது மாதிரி. சிலிண்டர் பவர் (ஒரு திசைக்கு மட்டும் இருக்குற பவர்) இருக்குறவங்களுக்கு ஒரு திசையில போற கோடு இன்னொரு திசையை விட அதிகமா மங்கும், அதையும் அப்படியே வரையுங்க, அது உங்க கண்ணுக்கு மட்டும் உள்ள விஷயம். முடிச்சதும் ஃபிக்ஸேட்டிவ் (சார்க்கோல் உதிராம பிடிச்சு வைக்கிற ஸ்ப்ரே) அடிங்க, காத்தோட்டமான இடத்துல.

பவரே இல்ல, கூலிங் கிளாஸ்தான் என்னோட பொருள்னு சொல்றவங்க மங்கலை விட்டுட்டு நிறத்தைப் பிடிங்க, லென்ஸ் வழியா தெரியுற நிறமும் ஓரத்துல வெளிய தெரியுற நிறமும் பக்கத்துல பக்கத்துல, அது வாட்டர்கலருக்கு அருமையான வேலை.

தேய்ச்சு எடுக்குறது

பொருள் மேல மெல்லிசு பேப்பரை வச்சு மேல கிரேயானைப் படுக்க வச்சு தேய்க்கிறது. ஃப்ரோட்டாஜ்னு பேரு, மேக்ஸ் எர்ன்ஸ்ட் 1925ல மரத்தரையில ஆரம்பிச்சது. கண்ணாடிக்கு இது பாதிதான் வேலை செய்யும், வளைஞ்ச லென்ஸ் மேல பேப்பர் ஒழுங்கா உக்காராது, கைப்பகுதி, கீல், எழுத்து குடைஞ்சிருக்குற இடம் இதெல்லாம் நல்லா வரும். சாவியோ செருப்போ எடுத்தவங்களுக்கு இதுதான் முதல் மீடியமா இருக்கணும், செருப்போட அடிப்பக்கம் தேய்ச்சுப் பாருங்க, எந்தக் கால்ல எந்தப் பக்கம் அழுத்தி நடக்குறீங்கன்னு அப்படியே வந்துடும்.

சயனோடைப்

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச மீடியம் இதுதான், கண்ணாடிக்கு இதை விட்டா வேற பொருத்தமான மீடியம் இல்லன்னே சொல்வேன். ஜான் ஹெர்ஷல் 1842ல கண்டுபிடிச்ச நீலக்கலர் பிரிண்ட் முறை, அடுத்த வருஷமே அன்னா அட்கின்ஸ் கடல்பாசிகளை நேரா பேப்பர் மேல வச்சு இதுல பிரிண்ட் எடுக்க ஆரம்பிச்சிட்டாங்க. கேமரா வேணாம், வெயில் போதும்.

கோட்டிங் போட்ட ரெடிமேட் பேப்பரே கிடைக்கும், முதல் தடவை அதுவே வசதி. நீங்களே பண்றதா இருந்தா ரெண்டு கரைசல்: 100 மில்லி தண்ணியில 25 கிராம் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் ஒண்ணு, 100 மில்லி தண்ணியில 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைட் இன்னொண்ணு. பூசப் போற நேரத்துல சம அளவு கலந்து, வெயில் படாத மங்கலான ரூம்ல கெட்டியான வாட்டர்கலர் பேப்பர்ல பிரஷ்ஷால மெல்லிசா பூசி இருட்டுல காய வைங்க. கிளவுஸ் போடுங்க, ஆசிட் எதையும் பக்கத்துல கொண்டு வராதீங்க, சாப்பாட்டுப் பாத்திரம் எதையும் இதுக்கு யூஸ் பண்ணாதீங்க.

காஞ்ச பேப்பர் மேல கண்ணாடியை வச்சு வெயில்ல வைங்க. நல்ல வெயில்ல அஞ்சுல இருந்து பதினஞ்சு நிமிஷம், ஆனா பேப்பருக்குப் பேப்பர் மாறும், அதனால முதல்ல ஒரு துண்டு பேப்பரை எடுத்து கொஞ்சம் கொஞ்சமா மூடி மூடி டெஸ்ட் ஸ்ட்ரிப் எடுத்துடுங்க. மஞ்சள் பச்சையா இருந்த பேப்பர் மங்கலான சாம்பல் வெண்கல நிறத்துக்கு மாறினதும் எடுத்து தண்ணியில அலசுங்க, மஞ்சள் தண்ணி வர்றது நிக்குற வரைக்கும். வெளிய எடுத்த உடனே நீலம் வெளிறி இருக்குற மாதிரி தோணும், பயப்படாதீங்க, ஒரு நாள் காத்துல இருந்தா தானா கருநீலம் ஆயிடும்.

இப்ப சுவாரசியமான இடம். வெயில்ல இருக்குற புற ஊதாக்கதிர்தான் இந்தப் பேப்பரை நீலமாக்குது. நிறைய பிளாஸ்டிக் லென்ஸ், குறிப்பா பாலிகார்பனேட், புற ஊதாவைக் கிட்டத்தட்ட முழுசா தடுத்துடும். அதனால நம்ம கண்ணுக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி தெளிவா தெரியுற லென்ஸ், பிரிண்ட்ல ஃப்ரேமோட சேர்ந்து கெட்டியான வெள்ளையா வரும். பிளாஸ்டிக் இல்லாம பழைய கிளாஸ் லென்ஸா இருந்தா கொஞ்சம் கதிர் உள்ள போய் நீலம் ஏறும், சாதாரண பிளாஸ்டிக் ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ நிக்கும். நம்ம பாக்குறதுக்கு உதவுற பொருளை பேப்பர் சுவர் மாதிரி பாக்குது! "கழட்டி வச்சா என்ன மிச்சம்"ன்ற கேள்விக்கு இந்த ஒரு பிரிண்ட் குடுக்குற பதிலை பத்து பெயிண்டிங் குடுக்காது. வீட்ல வேற வேற ஆளோட பழைய கண்ணாடி கிடைச்சா எல்லாத்தையும் ஒரே பேப்பர்ல வரிசையா வச்சு எடுங்க, எந்த லென்ஸ் வெள்ளை எது நீலம்னு எடுக்குற வரைக்கும் உங்களுக்கே தெரியாது.

சின்ன குறிப்பு, கண்ணாடி தட்டையா இல்லாததால நிழல் சாயும், ஓரம் மழுங்கும். நறுக்குன்னு ஓரம் வேணும்னா பேப்பரை ஒரு அட்டையில வச்சு சூரியனுக்கு நேரா சாய்ச்சு வைங்க. மழுங்கலே வேணும்னா தரையில படுக்க வச்சு அதிக நேரம் விடுங்க, சூரியன் நகர்றதும் பதிவாகும். ப்ளஸ் பவர் லென்ஸும் பூதக்கண்ணாடியும் வெயிலைக் குவிக்கும், அதனால வெயில்ல அப்படியே விட்டுட்டு உள்ள போயிடாதீங்க.

பிளாஸ்டர்

ரேச்சல் வைட்ரீட்னு ஒரு சிற்பி, பொருளைச் செய்யாம பொருளைச் சுத்தி இருக்குற காலி இடத்தை வார்ப்பு எடுக்குறவங்க. 1995ல நூறு நாற்காலி, ஸ்டூலுக்கு அடியில இருக்குற இடத்தை ரெசின்ல வார்த்து வச்சாங்க, அதுக்கு முன்னாடி 1993ல ஒரு வீட்டோட உள்பக்கத்தையே கான்கிரீட்ல எடுத்தாங்க. நம்ம அளவுக்கு வர்றதா இருந்தா கண்ணாடி பாக்ஸோட உள்பக்கம்! கண்ணாடி தூங்குற இடம், அதுக்கு உருவம் குடுக்கலாம்.

கெட்டியான பழைய பாக்ஸ் எடுத்து உள்ள கிளிங் ஃபிலிம் விரிச்சு ஓரத்துல டேப் போடுங்க, பாக்ஸ் உள்ள இருக்குற துணியில ஒட்டிக்கிட்டா பிளாஸ்டர் விடாது. ஃபிலிம் சுருக்கம் எல்லாம் வார்ப்புல வரும், அது எனக்குப் பிடிக்கும், கசங்கின போர்வை மாதிரி இருக்கும், பிடிக்கலன்னா நல்லா இழுத்து ஒட்டுங்க. ஒரு பங்கு தண்ணிக்கு கிட்டத்தட்ட ரெண்டு பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். தண்ணியிலதான் பொடியைத் தூவணும், பொடியில தண்ணி ஊத்தினா கட்டி கட்டியா போயிடும். பொடி தண்ணிக்கு மேல சின்னச் சின்னத் தீவா எழும்பி நிக்குற வரைக்கும் தூவி, ஒரு நிமிஷம் விட்டு, நுரை வராம மெதுவா கலக்கி, ஊத்தி, மேஜையைத் தட்டித் தட்டி காத்துக்குமிழியை வெளிய விடுங்க. அரை மணி முக்கால் மணி நேரத்துல எடுத்துடலாம், ஆனா முழுசா காய பல நாள் ஆகும்.

இதுல விளையாடக்கூடாத விஷயம் மூணு. பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும், கெட்டியான அளவுல 60 டிகிரி வரைக்கும் கூடப் போகலாம், அதனால கை விரல் முகம் எதையும் உள்ள வச்சு அச்சு எடுக்க நேரா பிளாஸ்டரை யூஸ் பண்ணவே கூடாது. தூசி மூக்குல போகாம மாஸ்க் போடுங்க. அப்புறம் மிச்ச பிளாஸ்டரை சிங்க்ல ஊத்தினா பைப் அடைச்சிடும், பக்கெட்லயே இறுக விட்டு உடைச்சு குப்பையில போடுங்க.

கண்ணாடியோட உருவமே வேணும்னா 3 சென்டிமீட்டர் கனத்துக்கு களிமண் பலகை தட்டி, முன்பக்கத்தை கீழ வச்சு அழுத்தி, நேரா மேல தூக்கி, அந்தப் பள்ளத்துல பிளாஸ்டர் ஊத்துங்க. கீலையும் குமிழையும் முன்னாடியே டேப் போட்டு மூடிடுங்க, களிமண் உள்ள போயிட்டா எடுக்குறது கஷ்டம். அப்புறம் லென்ஸைத் துணியால துடைக்காதீங்க, முதல்ல தண்ணியில காட்டி மண்ணைக் கழுவிடுங்க.

மத்தது

கம்பி வேலை ஆசை இருந்தா ஒன்றரை ரெண்டு மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி எடுங்க, கையாலயே வளையும். முன்னாடி பேப்பரைப் பாக்காம வரைஞ்சீங்களே அந்த ஒரே கோடு, அதை அப்படியே கம்பியில வளைச்சு, லைட்டுக்கு முன்னாடி தொங்க விட்டா சுவர்ல நிழல் திரும்ப டிராயிங்கா விழும். அலெக்சாண்டர் கால்டர் 1920கள்லயே கம்பியால முகங்கள் பண்ணினார், தேடிப் பாருங்க.

சத்தம் பதிவு பண்றதும் ஒரு மீடியம்தான். போனை மேஜை மேல படுக்க வச்சு பக்கத்துலயே பாக்ஸை மூடுங்க, மேஜை வழியா வர்ற அதிர்வோட 'டப்'னு கனமா கேக்கும். கொலாஜ் பண்றதா இருந்தா ஜாஸ்பர் ஜான்ஸ் 1961ல பண்ணின ஒரு சிற்பத்தைப் பாத்துட்டு பண்ணுங்க, மூக்குக்கண்ணாடிக்குப் பின்னாடி கண் இருக்க வேண்டிய ரெண்டு இடத்துலயும் வாய் வச்சிருப்பார், விமர்சகர்களைக் கிண்டல் பண்ணி. ஒரே ஒரு மாத்தம், பொருளோட அர்த்தமே திரும்பிடுச்சு.

எல்லாத்தையும் பண்ணணும்னு இல்ல. மூணு மீடியம் ஆழமா பண்ணினா ஏழு மீடியம் மேலோட்டமா பண்றதை விட நல்லா நிக்கும்.

ஒண்ணா சேக்குறது

இங்கதான் நிறைய ப்ராஜெக்ட் சிதறிடுது. வேற வேற மீடியத்தை ஒண்ணா பிடிக்க எதையாவது மாத்தாம வைங்க. எல்லாமே நிஜ அளவுல இருக்கலாம், இல்ல எல்லாப் பேப்பரும் ஒரே சைஸ்ல இருக்கலாம், இல்ல நிறத்தைக் குறைச்சுக்கலாம். நான்னா சார்க்கோல் கறுப்பு, பிளாஸ்டர் வெள்ளை, சயனோடைப் நீலம், அதோட நிறுத்திடுவேன், வேற கலரே வேணாம்.

மாட்டும்போது படத்தோட நடுப்பகுதி தரையில இருந்து சுமார் 150 சென்டிமீட்டர் உயரத்துல இருந்தா பெரும்பாலானவங்க கண்ணுக்கு நேரா வரும். அப்புறம் அந்தப் பவர் தூரம் ஞாபகம் இருக்கா, மைனஸ் 4க்கு 25 சென்டிமீட்டர், சயனோடைப்பைச் சின்னதா எடுத்திருந்தா பாக்குறவங்க அந்த தூரத்துக்குக் கிட்ட வந்து பாக்குற மாதிரி தரையில ஒரு டேப் ஒட்டலாம், சார்க்கோல் மங்கலை மட்டும் தூரமா எதிர் சுவர்ல வைக்கலாம். விளக்கமே சொல்லாம விளங்கிடும். பிளாஸ்டர் வார்ப்பை கீழ ஒரு தட்டுல வைங்க, சுவர்ல ஒட்ட வேணாம், கனம்.

ஸ்கெட்ச்புக்ல டெஸ்ட் ஸ்ட்ரிப், கோணல் கோடு, உடைஞ்ச வார்ப்போட போட்டோ எல்லாம் ஒட்டி பக்கத்துல எத்தனை நிமிஷம், என்ன பேப்பர், வெயில் எப்படின்னு எழுதி வைங்க. சுத்தமா திரும்ப எழுதின ஸ்கெட்ச்புக்கை விட அழுக்கா இருக்குறதுதான் நம்புற மாதிரி இருக்கும். வேலையோட சேர்த்து வைக்கிற ஸ்டேட்மென்ட் 100, 150 வார்த்தை போதும். "கலை என்பது" மாதிரி ஆரம்பிச்சா அந்த வரியை அப்பவே அடிச்சிடுங்க. என்ன பொருள், என்ன கேள்வி, எந்த மீடியம் எதுக்கு, எது எதிர்பாக்காம வந்துச்சு, இவ்வளவுதான். லென்ஸ் ஏன் வெள்ளையா வந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதினா அதைப் படிக்கிறவங்க திரும்பப் போய் பிரிண்ட்டைப் பாப்பாங்க.

டைம் போடும்போது பிளாஸ்டரை முதல் வாரத்துலயே வார்த்துடுங்க, காயுறதுக்கு நேரம் வேணும், ஈரமா இருக்குறதை பேக் பண்ணினா பூஞ்சை வரும். சயனோடைப் வெயிலை நம்பி இருக்கு, சப்மிஷனுக்கு முந்தின நாள் மேகம் போட்டா ஒண்ணும் பண்ண முடியாது, அதையும் முன்னாடியே முடிங்க. டிராயிங் எப்ப வேணா பண்ணலாம். கடைசியா போர்ட்ஃபோலியோவுக்கு போட்டோ எடுக்கும்போது டிராயிங்கையும் பிரிண்ட்டையும் நிழல் விழாத பகல் வெளிச்சத்துல நேரா எடுங்க, பிளாஸ்டரை மட்டும் ஜன்னல் ஓரத்துல பக்கவாட்டு வெளிச்சத்துல எடுங்க, ஃப்ளாஷ் போட்டா அந்த சுருக்கம் பள்ளம் எதுவுமே தெரியாது.